ஈறு

தமிழில் ஈறு என்னுஞ் சொல்லுக்கு வழக்கிலுள்ள பொருள்கள் இரண்டு. ஒன்று முடிவு, மற்றது பற்களைப் பற்றி நிற்கும் தசை. இலக்கணம் பயில்வோர் பெரும்பாலும் முதற்பொருளோடேயே நின்றுவிடுகின்றனர். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தை மனனஞ் செய்துகொண்டு பரீட்சை மண்டபத்துள் நுழையும் மாணவருள் எவரும் அவ்வேளையில் தம் வாயினுள் இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்தார் இத்தசையை முரசு என்பர். வாய்க்குள் ஒரு முரசு இருப்பதும், வீங்கி வலித்தாலன்றி அதன் இருப்பு எவர்க்கும் தெரியாமற் போவதும் வேடிக்கையே. மலையகத்தில் ஈறு என்பதே வழக்கு. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று பழமொழி பேசுகின்றவர்கள்கூட, பல் எதைப் பற்றி நின்றது, எதனால் அப்பற்று விட்டது என்று கேட்பதில்லை.

மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்த சிறுமியொருத்தி அதைக் கேட்டாள். கேட்பதற்குக் காரணம் அவள் வீட்டிலேயே இருந்தது. அவளுடைய தாத்தாவுக்கு 45 வயது நிரம்புமுன்னரே வாயில் ஒரு பல்லும் இல்லாதுபோயிற்று. அவருக்கு மூன்று வயது இளையவரான சின்னத்தாத்தாவோ 80 வயதைக் கடந்தும் கொட்டைப்பாக்கைக் கடைவாயில் வைத்து உடைப்பவர். இருவரும் ஒரே காம்பராவிற் பிறந்தவர்கள்; ஒரே அடுப்பின் கரியை எடுத்துப் பல் விளக்கியவர்கள், அதுவும் நினைவு வந்த நாட்களில் மட்டும். ஒரே பெரட்டுக்குப் போய், ஒரே மலையில் கவ்வாத்து வெட்டி, ஒரே கடையில் வெற்றிலை வாங்கியவர்கள். தாத்தா வெற்றிலையைச் சிறிய இரும்புரலில் இடித்து வாயிலிடும்போது, தம்பியார் எதிரே அமர்ந்து பாக்கை "டக்"கென்று உடைத்துக் காட்டுவார். அந்த ஒலி வேண்டுமென்றே எழுப்பப்பட்டது என்பதில் வீட்டார் எவருக்கும் ஐயமில்லை.

தாத்தாவின் பற்களிற் சொத்தை இருக்கவில்லை. இதுதான் சிறுமியை வியக்கவைத்தது. விழுந்த பற்களைப் பழைய தகரப் பெட்டியொன்றிற் போட்டு வைத்திருந்தார். அவை கறை படிந்தனவாயினும் முழுமையானவை. வேர்கள் நீண்டு, வேரின் மேற்பாகம் வரையிற் காறை ஏறியவை. வைத்தியர் எவரும் பிடுங்கியவை அல்ல. ஆடி ஆடி ஒருநாட் சோற்றோடு வந்தவை, அல்லது அவரே இரு விரலாற் பிடித்து எடுத்தவை.

"ஏன் தாத்தா ஒங்களுக்கு மட்டும் பல்லு போச்சு?"

"தலையெழுத்து பாப்பா."

"அண்ணன் சின்ன வயசுல பொய்யா சொல்லும். அதான்," என்பார் சின்னத்தாத்தா.

பல ஆண்டுகளின் பின் அவள் பேராதனையிற் பல் வைத்தியம் பயிலச் சென்றாள். லயத்திலிருந்து அப்பீடத்துக்குச் செல்வதென்பது எத்தகைய ஏற்றமென்பதை இவ்விதழின் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் வருடத்தில் ஒருநாள், பரிதந்த நோய் பற்றிய விரிவுரையில், மலைநாட்டுத் தேயிலைத் தொழிலாளர் என்ற சொற்றொடர் திரையில் வந்தது. உலகின் எந்நாட்டிற் பல் வைத்தியம் கற்பவரும் அச்சொற்றொடரைக் கடந்தே செல்லவேண்டும் என்பதை அவள் அன்றுதான் அறிந்தாள். அன்று மாலை நூலகத்தில் அமர்ந்து மூலக் கட்டுரையை வாசித்தாள்.

நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோவும் அவர்தந் துணைவரும் 1986 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை அது. அதற்கு முன் 1965 இல் லோ டென்மார்க்கில் ஒரு பரிசோதனை செய்திருந்தார். ஈறு நலமாயிருந்த 12 பேர், பெரும்பாலும் பல் வைத்திய மாணவர்கள், பல் விளக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் எல்லாருடைய ஈறுகளும் அழற்சியுற்றன. மறுபடி விளக்கத் தொடங்கியதும் ஆறின. பற்களிற் படியும் பற்றீரியாப் படலமே ஈற்றழற்சிக்குக் காரணமென்பது அதனாற் துணியப்பட்டது. அடுத்த வினா எளிதாய் எழுந்தது: மூன்று வாரமன்றி முப்பது வருடம் விளக்காமல் விட்டால் யாது நிகழும்? கல்வி கற்ற ஐரோப்பியர் எவரையும் அவ்வாறு கேட்டுக்கொள்ள முடியாது. ஆனால், எவரும் கேட்டுக்கொள்ளாமலே அவ்வாறு வாழ்ந்துகொண்டிருந்த மக்கள் உலகிற் சில இடங்களில் இருந்தனர்.

1969 இல் ஒஸ்லோ நகரில் 565 ஆடவர் தெரிவு செய்யப்பட்டனர்; அவர்கள் இளமை முதல் ஒழுங்கான பற்பராமரிப்புப் பெற்றவர்கள். 1970 இல் இலங்கையில் 480 ஆண் தேயிலைத் தொழிலாளர் தெரிவு செய்யப்பட்டனர். பதினைந்து ஆண்டுக் காலத்தில் இவர்களது வாய்கள் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டன. 1985 இல் இறுதிச் சோதனைக்கு எஞ்சியோர் 161 பேர். இத்தொழிலாளர் வழமையான முறையிற் பற்களைத் துலக்காதவர்கள், பற்சிகிச்சை எதுவும் பெறாதவர்கள் என்று கட்டுரை வெளிப்படையாகவே கூறுகின்றது. சொத்தைப் பல் அவர்களிடம் ஏறத்தாழ இல்லை. படலமும் காறையும் எல்லார் வாயிலும் நிறைந்திருந்தன. ஈறு எல்லார்க்கும் அழன்றிருந்தது.

இவ்விடத்திற்றான் கட்டுரை எதிர்பாராத திசையில் திரும்புகின்றது. அழற்சி எல்லார்க்கும் பொதுவாயினும் அழிவு பொதுவாயில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வெகுவேகமாகப் பரவியது. 81 பேருக்கு மிதமாகப் பரவியது. 11 பேருக்கு ஈற்றழற்சியோடு நின்றதேயன்றி மேற்செல்லவே இல்லை. முதற்கூட்டத்தினர்க்கு 35 வயதிற் பல்லின் பிடிப்பு சராசரி 9 மில்லிமீற்றர் அளவுக்குக் கழன்றிருந்தது. இறுதிக் கூட்டத்தினர்க்கு அதே வயதில் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. முதற்கூட்டத்தினர் 35 வயதில் 12 பற்களை இழந்திருந்தனர். 40 வயதில் 20 பற்களை. 45 வயதில் ஒன்றும் எஞ்சவில்லை.

அவள் அவ்வரியைப் பலமுறை வாசித்தாள். தாத்தா அந்த 480 பேருள் ஒருவரல்லர்; அவருடைய தோட்டம் வேறு. ஆயினும் கட்டுரையின் எட்டாமவர் அவரே, பதினொன்றாமவர் சின்னத்தாத்தாவே. இரும்புரலும் கொட்டைப்பாக்கும் இங்கே ஆங்கில எழுத்தில், கோட்டுப் படங்களாக இருந்தன. தலையெழுத்து என்று தாத்தா சொன்னதற்கு நூற்றுவீதம் கணக்கிடப்பட்டிருந்தது. காரணம் மட்டும் இன்னும் சொல்லப்படவில்லை. ஒரே அழுக்கு, ஒரே உணவு, ஒரே பராமரிப்பின்மை; ஆனால் முடிவு வேறு. ஆதலின் வேறுபாடு பற்றீரியாவில் மட்டும் இருக்க இயலாது. அதனை எதிர்கொள்ளும் உடலிலும் தேடப்பட வேண்டும். உடலிலே எங்கே? பல்லும் பற்றீரியாவும் சந்திக்கும் அந்த மெல்லிய ஓரத்தில், ஈற்றின் கலங்களில்.

மனிதரிடம் அவ்வோரத்தை வெட்டியெடுத்து ஆராய்வது எளிதன்று. சிகிச்சையின்போது களையப்படும் துண்டுகள் கிடைக்கும். ஆனால் அவை நோய் முற்றிய பின் கிடைப்பவை. நோய் தொடங்கும் நாளில் அங்கே நிகழ்வது என்னவென்று பார்க்க வேண்டுமாயின், தொடக்க நாளை ஆய்வாளனே குறிக்கவேண்டும். ஆகவே சுண்டெலி.

பட்டம் பெற்றுச் சில காலம் பணியாற்றிய பின், மேற்படிப்புக்காக அவள் யப்பான் சென்றாள். அங்குள்ள பல்கலைக்கழகமொன்றின் ஆய்வுகூடத்தில் அவள் முதன்முதற் கையிலெடுத்த சுண்டெலி கரிய மயிருடையது. இருபது கிராமுக்குச் சற்று மேற்பட்ட எடை. அதன் வாயில் மொத்தம் 16 பற்கள். தாடையின் ஒவ்வொரு பாதியிலும் முன்னே ஒரு வெட்டும்பல், பின்னே மூன்று கடைவாய்ப்பற்கள்; இடையில் வெற்றிடம். வேட்டைப்பல் கிடையாது. வெட்டும்பல் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். கடைவாய்ப்பல் எமது பல்லைப் போன்று ஒருமுறை முளைத்தபின் நிற்பது. ஆய்வுக்கு வேண்டியது இக்கடைவாய்ப்பற்களைச் சூழ்ந்த ஈறே. முதற் கடைவாய்ப்பல்லின் நீளம் இரண்டு மில்லிமீற்றர்கூட இல்லை. அதைச் சுற்றியுள்ள தசையின் அளவை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இக்கரிய எலியினத்துக்கும் ஒரு குலவரலாறு உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திற் கிரான்பி என்னும் ஊரில் அபி லத்ரோப் என்னும் முன்னாள் ஆசிரியை, விளையாட்டுப் பிராணியாக விற்பதற்கென எலி வளர்த்தார். அவரிடம் ஆய்வாளர் எலி வாங்கத் தொடங்கினர். அவரே ஆய்வுக் குறிப்புகளும் எழுதினார். 1918 இல் அவர் மறைந்தார். அவரது பண்ணையிலிருந்து வந்த 57 ஆம் இலக்கப் பெண்ணெலியின் வழித்தோன்றல்களைக் கொண்டு 1921 இல் கிளாரன்ஸ் குக் லிற்றில் என்பவர் உருவாக்கிய வம்சமே இன்று சி57 கறுப்பு எனப்படுவது. உடன்பிறந்தாரையே தலைமுறை தலைமுறையாக இணைத்து, இருபது தலைமுறைக்கு மேல் அவ்வாறு செய்தபின், ஒரு வம்சத்தின் எலிகள் யாவும் இரட்டைப் பிள்ளைகள் போற் பரம்பரையலகில் ஒன்றாகிவிடும். ஹல்சி பாக் என்பவரிடமிருந்து வந்த வெள்ளெலி வம்சமொன்றும் உண்டு. அதற்குப் பல்ப்-சி என்று பெயர்.

இவ்விரு வம்சங்களையும் அருகருகே வைத்தபோது தேயிலைத் தோட்டத்தின் கதை கூண்டுக்குள் மறுபடி நிகழ்ந்தது. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், பரிதந்த நோயோடு தொடர்புடைய போபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்னும் பற்றீரியாவைப் பல வம்ச எலிகளின் வாயில் இட்டுப் பார்த்தனர். பல்ப்-சி எலிகளின் பற்களைத் தாங்கும் எலும்பு தேய்ந்தது. சி57 கறுப்பு எலிகள் பெரிதும் தப்பின. ஒரே பற்றீரியா, ஒரே தீனி. தாத்தா வெள்ளெலி, சின்னத்தாத்தா கறுப்பெலி என்று அவள் தன் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி, பேராசிரியர் கண்ணிற் படலாகாதென்று பின்னர் கோடிட்டு அடித்தாள். அது தமிழில் எழுதப்பட்டிருந்தது, அடித்திருக்க வேண்டியதில்லை.

ஈற்றிலிருந்து கலங்களைப் பிரித்தெடுக்கும் முறை, எழுதி வைத்தால் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுவது. அதைக் கை கற்றுக்கொள்வதற்கு அவளுக்கு ஐந்து மாதங்கள் சென்றன.

முதலில் எலி மயக்கத்தில் ஆழ்த்தப்பட்டு உயிர் போக்கப்படும். தொடக்கத்தில் அவள் வெள்ளிக்கிழமைகளில் அதைச் செய்வதில்லை. காரணம் கேட்டவர்களிடம் வேறு வேலை இருப்பதாகச் சொன்னாள். பின்னர் கருவிக்கு முற்பதிவு கிடைத்த நாள் வெள்ளியாகவே அமைந்தபோது அந்நோன்பு முறிந்தது. மயக்கத்தில் இருக்கும்போதே இதயத்தினூடாக உப்புநீர் செலுத்திக் குருதி வெளியேற்றப்படும். இல்லையேல் ஈற்றிற் குடியிருக்கும் கலங்களும் குருதியோடு அவ்வழியே சென்றுகொண்டிருந்த கலங்களும் ஒன்றாய்க் கலந்துவிடும். ஊர்க்காரர் எவர், வழிப்போக்கர் எவர் என்று பிறகு பிரித்தறிவது கடினம்.

பின்பு நுணுக்குக்காட்டியின் கீழே தாடை விரிக்கப்படும். மெல்லிய கத்தியின் நுனியாற் கடைவாய்ப்பற்களைச் சூழ ஈறு அறுக்கப்பட்டுப் பல்லிலிருந்து உரிக்கப்படும். சற்று ஆழமாகப் போனால் எலும்பின் துணுக்குகள் வரும்; சற்று மேலோட்டமாகப் போனால், பல்லைத் தழுவி நிற்கும் அந்தப் பயனுள்ள ஓரம் பல்லோடேயே தங்கிவிடும். கிடைப்பது சில மில்லிகிராம். உடனே பனிக்கட்டியில் வைத்த கரைசலில் இடவேண்டும். உடலைவிட்டுப் பிரிந்த கணத்திலிருந்து கலங்கள் மடியத் தொடங்குகின்றன. குளிர் அதைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. இதனால் ஆய்வுகூடத்தில் நடை எவர்க்கும் ஓட்டமாக மாறிவிடுகின்றது.

ஈறு சாதாரண இழையமன்று. நாள்தோறும் உணவு உரசுவது, ஆதலாற் கடினமானது. நார்கள் நெருங்கப் பின்னப்பட்டது. மண்ணீரலைக் கண்ணாடித் தட்டில் அழுத்தித் தேய்த்தாற் கலங்கள் உதிர்ந்துவிடும். ஈற்றை அவ்வாறு தேய்த்தாற் கலங்கள் சிதையுமேயன்றிப் பிரியா. ஆகவே சிறு கத்தரியாற் பொடியாக நறுக்கி, நார்ப்புரதத்தைக் கரைக்கும் நொதியம் கலந்த நீரில் 37 பாகை வெப்பத்தில், அதாவது உடற்சூட்டில், குலுக்கவேண்டும். அதனோடு இன்னொரு நொதியமும் சேரும். சிதைந்த கலங்களின் கருவிலிருந்து வெளியாகும் டி.என்.ஏ. இழைகள் சளி போலத் திரண்டு மிஞ்சிய கலங்களையும் சிக்கவைத்துவிடும். அவ்விழைகளை அறுப்பதே இரண்டாம் நொதியத்தின் வேலை. நேரம் குறைந்தாற் கலங்கள் பிரியா. நேரம் கூடினால், நொதியம் நாரைத் தின்று முடித்துக் கலங்களின் மேற்பரப்பையும் தின்னத் தொடங்கும். அம்மேற்பரப்பிலுள்ள அடையாளங்களைக் கொண்டே பின்னர் கலங்களை இனங்காண வேண்டியிருப்பதால், உயிரோடு கிடைத்தும் பெயர் தெரியாதவையாக அவை நிற்கும். அவள் முதல் மாதத்திற் குறைவாலும் இரண்டாம் மாதத்திற் கூடுதலாலும் தோற்றாள்.

நொதியம் தன் வேலையை முடித்ததும் கரைசலை நுண்ணிய வலையில் வடிக்கவேண்டும். 70 மைக்குரோமீற்றர் கண்ணுடைய வலை. சுழற்றி வீழ்படியச் செய்து, மீண்டும் புதிய கரைசலிற் கலக்கி, ஒரு துளியில் நீலச் சாயமிட்டுக் கட்டமிட்ட கண்ணாடியில் வைத்தால் எண்ணலாம். உயிருள்ள கலம் சாயத்தை உட்புகவிடாது, ஒளிர்ந்து நிற்கும். இறந்த கலம் நீலமாகும். மூன்றாம் மாத முடிவுவரையில் அவள் கண்டது பெரும்பாலும் நீலமே. உயிர்நீத்த எலியை எண்ணி வருந்துவது ஒருவகை. அதன் இறப்பிலிருந்து நீலத்தைத் தவிர வேறொன்றையும் பெற முடியாத நாளில் வருந்துவது இன்னொரு வகை. இரண்டாவது கொடியது. விலங்குப் பரிசோதனையின் ஒழுக்கம் பற்றி 1959 இல் ரசல், பேர்ச் என்னும் இருவர் எழுதிய நூல் மூன்று நெறிகளைக் கூறுகின்றது: விலங்குக்கு மாற்றுத் தேடுக, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க. நடுவிலுள்ள நெறி கைப்பழக்கத்தைப் பற்றியது என்பதை நூலிற் படித்தபோது அவள் உணரவில்லை. நடுங்கும் கைக்கு அதிக எலி வேண்டும்.

ஐந்தாம் மாதத்தில் ஒருநாட் பிற்பகல், கட்டங்களில் நீலம் குறைந்து ஒளி மிகுந்திருந்தது. இருமுறை எண்ணினாள். பக்கத்து மேசை யப்பானிய மாணவன் எட்டிப் பார்த்துத் தலையசைத்தான். அவ்வாய்வுகூடத்திற் பாராட்டுக்கு அதற்கு மேற்பட்ட வடிவம் கிடையாது.

இவ்வாறு பிரிக்கப்பட்ட கலங்களிற் பல குலத்தவர் உளர். மேலணிக் கலங்கள் மதிலாக நிற்பவை. நார் நெய்யும் கலங்கள் சீர்செய்பவை. வாயில் ஏற்படும் புண் தோலின் புண்ணைவிட விரைந்தும் தழும்பு குறைந்தும் ஆறுவதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. இவையன்றி வெண்குருதிக் கலங்களின் பல வகுப்புகள் அங்கே காவலிருக்கின்றன. ஒவ்வொரு வகுப்பின் மேற்பரப்பு அடையாளத்திலும் சென்று ஒட்டக்கூடிய பிறபொருளெதிரிகளில் ஒளிரும் சாயமேற்றிக் கலந்து, லேசர்க் கதிரின் குறுக்கே கலங்களை ஒவ்வொன்றாய் ஓடவிட்டால், கருவி நிறத்தைக் கொண்டு இனம் பிரித்து எண்ணித் தரும். பெரட்டிலே கங்காணி ஆள் கணக்கெடுப்பதை ஒத்த காரியம். வேகம்தான் வேறு, ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கில்.

இத்தகைய எண்ணிக்கைகளிலிருந்து கடந்த இருபது ஆண்டுகளில் ஆய்வாளர் அறிந்தவை சில தலைகீழானவை. பல்லைப் பிடித்து நிற்கும் எலும்பைப் பற்றீரியா நேராகச் சென்று தின்பதில்லை. அதை எதிர்க்க விரையும் உடலின் காவற்கலங்கள் விடும் சைகைகளால், உடலுக்கே உரிய எலும்புண்ணிக் கலங்கள் தூண்டப்பட்டு எலும்பைக் கரைக்கின்றன. பகைவனை விரட்டவந்த படை தன் ஊரின் மதிலை இடிப்பதற்கு ஒப்பானது இது. அக்காவற்படை எவ்வாறு ஈற்றுக்கு வந்து சேர்கின்றது என்பதும் வியப்புக்குரியது. 2017 இல் வெளியான ஆய்வொன்றில் எலிகளுக்கு மென்மையான தீனி கொடுத்துப் பார்த்தனர். ஈற்றிலுள்ள ஒருவகை ரீ கலங்கள் குறைந்தன. கடினமான தீனி கொடுத்தபோது அவை பெருகின. சூழவுள்ள பற்றீரியாவை நம்பி அவை பெருகவில்லை. மெல்லும்போது ஈற்றில் நாள்தோறும் ஏற்படும் நுண்ணிய உரசற் காயமே அவற்றை அழைத்தது. அளவோடு இருக்கையில் அவை காவல். அளவு மீறினால் அழிவு. கொட்டைப்பாக்கு உடைத்தவரின் ஈற்றில் அவ்வளவை எது காத்தது, அவர் அண்ணனின் ஈற்றில் எது காக்கத் தவறியது என்பதே அவள் மேசைமீது இருக்கும் வினா. அவ்வினாவை அவ்வடிவில் எந்த ஆய்வு முன்மொழிவிலும் எழுத முடியாது.

அப்பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கொருமுறை ஒரு சடங்கு நடைபெறும். யப்பானின் ஆய்வு நிலையங்கள் பலவற்றில் நிலவும் வழக்கம் இது, இரேய்சாய் என்பர். ஆய்வுக்கென உயிரிழந்த விலங்குகளின் நினைவாக நாட்டப்பட்ட கல்லின் முன் பேராசிரியரும் மாணவரும் கூண்டு துப்புரவு செய்வோரும் வரிசையில் நிற்பர். சிறிது நேரம் மௌனம். பின் ஒவ்வொருவராகச் சென்று வெண்மலர் வைத்து வணங்குவர். எவரும் அழுவதில்லை. எவரும் அதை வேடிக்கையாகக் கொள்வதுமில்லை. முதலாண்டில் அவள் வரிசையில் நின்றபோது, எலிக்குக் கல் நட்டதை ஊரிற் சொன்னாற் சிரிப்பார்கள் என்று நினைத்தாள். மலர் வைத்துவிட்டுத் திரும்பும்போது வேறொன்று நினைவில் வந்தது.

1970 இல் அந்த 480 பேரின் வாய்கள் சோதிக்கப்பட்ட காலத்தில், இந்நாட்டின் தோட்டத் தமிழருட் பெருந்தொகையினர் எந்நாட்டின் பிரசைகளுமல்லர். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்தியிருந்தது. 1964 இன் உடன்படிக்கை ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கிட்டு, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, மீதியைப் பின்னர் பார்ப்போமென்று ஒத்திவைத்தது. கப்பலேறியவர்கள் ஏற, எஞ்சியோர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்குப் பற்சிகிச்சை கிட்டவில்லை என்பது ஆய்வாளர் உண்டாக்கிய நிலையன்று. அவர்கள் வந்து கண்ட நிலை. அவர்கள் அதை நேர்மையாகப் பதிந்தனர், அப்பதிவிலிருந்து உலகம் முழுவதற்கும் பயன்படும் அறிவு விளைந்தது என்பதை மறுப்பது நன்றிகேடு. எனினும் இயற்கை வரலாறு என்று அக்கட்டுரையின் தலைப்பிற் சொல்லப்பட்டதில் இயற்கை எவ்வளவு, தோட்டம் எவ்வளவு என்று ஒருவர் கேட்கலாம். கூண்டுக்குள் இருக்கும் எலியின் தீனி, வெளிச்சம், வெப்பம் யாவும் ஒரு குழுவின் அனுமதி பெற்றே தீர்மானிக்கப்படுகின்றன. லயத்தின் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் தீர்மானித்தவர்கள் எவரிடமும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. அந்த 480 பேருக்கு ஒரு கல் வேண்டுமென்பதல்ல பேச்சு. கேட்டிருந்தால் அவர்கள் மலரைக் கேட்டிருக்கமாட்டார்கள். கிழமைக்கு ஒருமுறை வரும் ஒரு பல் வைத்தியரைக் கேட்டிருப்பார்கள்.

2010 இல் ஆய்வாளர் மறுபடி வந்தனர். நாற்பது ஆண்டுகளின் பின் 75 பேரைத் தேடிக் கண்டு அவர்கள் வாய்களைச் சோதித்தனர். முடிவுகள் 2017 இல் வெளியாயின. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவளுடைய தாத்தா காலமாகிவிட்டார். தகரப் பெட்டியை எவரோ எறிந்துவிட்டார்கள்.

சென்ற மார்கழியில் ஒருநாள் அவள் கலங்களைக் கருவிக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, ஊரிலிருந்து கைத்தொலைபேசியில் அழைப்பு வந்தது. திரையிற் சின்னத்தாத்தா, தலையிற் கம்பளித் தொப்பி, பின்னே லயத்தின் நீலச் சுவர்.

"என்ன பாப்பா பண்ற?"

"எலியோட ஈற அறுத்து ஆராய்ச்சி பண்றேன் தாத்தா."

"எலிக்குக்கூட ஈறு நோவுதா?"

"நோவு வராமயும் இருக்கும். சில எலிக்கு வரும், சில எலிக்கு வராது. ஏன்னு பாக்கிறேன்."

கிழவர் சற்று நேரம் பேசவில்லை. "அதுக்கு எலி எதுக்கு? நாங்க ரெண்டு பேரு இருந்தோமே," என்றார்.

480 பேரைப் பார்த்தார்கள் தாத்தா, பதினைந்து வருஷம் பார்த்தார்கள் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அடுத்து அவர் கேட்கக்கூடிய கேள்வி எது என்பது தெரிந்ததனால் நிறுத்திக்கொண்டாள். அவர் வேறொன்றைக் கேட்டார்.

"அண்ணனுக்கு என்ன கொறைன்னு தெரிஞ்சிச்சா?"

"இன்னும் இல்ல."

"அது பொய் சொன்னதால இல்லம்மா. நான் சும்மா சொன்னேன்."

"தெரியும் தாத்தா. வாயத் தொறங்க, பாப்போம்."

அவர் தொலைபேசியை அருகிற் கொண்டுவந்து வாயை அகலத் திறந்தார். வெளிச்சம் போதவில்லை. பக்கத்திலிருந்த சிறுவனொருவன் டோர்ச் லைட்டைப் பிடித்தான். கறை கருத்து, காறை தடித்து, ஈறு சிவந்து கிடந்தது. இலங்கையின் எந்தப் பல் வைத்திய மாணவனும் முகஞ்சுளிக்கும் வாய். அவள் மேல்வரிசையின் வலக் கோடியிலிருந்து தொடங்கினாள். கட்டங்களில் எண்ணிப் பழகிய கண், ஒன்றை இருமுறை எண்ணாதிருக்க வரிசை மாறாமற் சென்றது. இடையில் அவர் இருமினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"எத்தன?" என்றார் வாயை மூடாமலே.

"இருவத்தேழு."

"இருவத்தெட்டு," என்றார் கிழவர். "பின்னால ஒண்ணு இருக்கு. நல்லாப் பாரு."